கொள்ளுகுடிப்பட்டிக்கு ஒரு நன்றி மடல்

கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், அன்று கைகொடுத்த மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

தை மாத ஞாயிறு ஒன்றில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் நாங்கள் ஏற்பாடு செய்த குடும்ப நாள் நல்லபடியாக நடந்து முடிந்தது. ஏற்பாடு எங்களுடையது என்பது பேச்சுக்குத்தான். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு இருந்தால்தானே பார்க்க வரலாம்? கூடு இருப்பதற்குக் காரணம் நீங்கள்.

அரசு இந்தக் கண்மாய்களைச் சரணாலயமாக அறிவித்தது 1977-இல். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வேட்டு வெடிப்பதில்லை என்பதோ ஊர் தானாக எடுத்துக்கொண்ட முடிவு. ஆண்டுதோறும் தீபாவளியன்று வனத்துறையினர் உங்களுக்கு இனிப்பு வழங்கும் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறவர்கள்தான் நாங்கள். அன்று எங்கள் பிள்ளைகள், “கல்யாணத்துக்குக் கூடவா வெடிக்க மாட்டீர்கள்?” என்று நம்பாமல் கேட்டார்கள். வெற்றிலை மென்றுகொண்டிருந்த அப்பத்தா ஒருவர், “பச்சை உடம்புக்காரி படுத்திருக்கிற வீட்டில் யாராவது வேட்டுப் போடுவார்களா?” என்று திருப்பிக் கேட்டார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவருக்குத் தனி வணக்கம்.

வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். நத்தைகுத்தி நாரையின் அலகில் இருக்கும் இடைவெளி, குஞ்சாக இருக்கும்போது கிடையாது, வளர வளரத்தான் உண்டாகிறது என்பது எங்களில் பெரியவர்களுக்கே புதுச் செய்தி. பாம்புத்தாரா ஏன் இறக்கையை விரித்தபடி வெயில் காய்கிறது, தாய்ப்பறவை மிரண்டு எழுந்தால் காகம் எப்படி முட்டையைக் கொண்டுபோகிறது என்று சலிக்காமல் சொன்னீர்கள். கரையைவிட்டு இறங்க முயன்ற படமெடுப்பாளர்களை அதட்டாமலே நிறுத்தினீர்கள். அந்த வித்தையை எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள், வீட்டில் உதவும்.

மைக் செட்காரருக்கும் நன்றி சொல்ல வேண்டும். விழா என்றதும் வழக்கப்படி பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இங்கே பாட்டு வேண்டாம் என்றதும் முகம் சுளிக்கவில்லை, வாடகையும் கேட்கவில்லை. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, மாலை வரை பைனாகுலரை விடாமல் பிடித்துக்கொண்டது அவர்தான். பஸ் ஓட்டுநர்கள் ஊர் எல்லையிலேயே ஏர் ஹாரனை மறந்தார்கள். வாழை இலையில் புளியோதரை பரிமாறிய மகளிர் குழுவினர் ஒரு பிளாஸ்டிக் தம்ளரைக்கூடக் கண்மாய்ப் பக்கம் வரவிடவில்லை. திருப்பத்தூரிலிருந்து தண்ணீர் கேன் அனுப்பிய கடைக்காரர், ஓவியம் வரையத் தாளும் வண்ணமும் தந்த ஆசிரியர்கள், கடைசிவரை நின்று குப்பை பொறுக்கிய கல்லூரி மாணவர்கள், எல்லோருக்கும் நன்றி.

பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு நல்லது என்று விவசாயி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தபோது மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டோம். பாதியில் நின்ற அந்தப் பேச்சைக் கேட்க அறுவடை முடிந்ததும் வருகிறோம். அன்று இரவலாக வந்த பைனாகுலர்களில் ஒன்று, சிவப்புக் கயிறு கட்டியது, எங்களிடமே தங்கிவிட்டது. உரியவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் மைக் செட்காரர் கேட்கிறார்.

இப்படிக்கு,
சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் வட்டாரப் பெற்றோர்கள்