செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: பெற்றோர் ஆசிரியர் கழகம், மன்னார்குடி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024–25ஆம் கல்வியாண்டில் நம் கழகம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். குடிநீர்த் தொட்டி தூய்மை செய்யப்பட்டது. மிதிவண்டி நிறுத்தத்துக்குக் கூரை போடப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். செயற்குழுவின் நேரத்தை ஆண்டு முழுவதும் எடுத்துக்கொண்டது பள்ளி நூலகமே என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற அனுமதி வேண்டுகிறேன்.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு வந்த நூலகர் அம்மையார் இரண்டு கோரிக்கைகளை வைத்தார். சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் என்னும் சிறார் இலக்கிய விருதைப் பெற்ற தமிழ் நூல்களை வாங்கித் தர வேண்டும் என்பது முதலாவது. தொலையும் நூல்களின் விலையைக் கழகம் ஏற்க வேண்டும் என்பது இரண்டாவது. இருப்புச் சரிபார்ப்பில் ஒரு நூல் குறைந்தாலும் தம் தலையில் விழும் என்ற அச்சத்தால்தான் பீரோவைப் பூட்டியே வைத்திருந்ததாக அவர் ஒளிக்காமல் சொன்னார். முதல் கோரிக்கையை உடனே ஏற்ற நான், இரண்டாவதை எதிர்த்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்பதைத் தம் ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்து நூல் வெளியிட்ட அதே 1931இல்தான், நம் ஊரை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார் என்று அம்மையார் எடுத்துரைத்த பிறகு, அந்த ஊர்க்காரனான என்னால் மேற்கொண்டு பேச இயலவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பட்டியல் தயாரிப்பதில் ஒரு சிறு குழப்பம் நேர்ந்தது. சில ஆண்டுகளில் விருது தனி நூலுக்கன்றி மொத்தப் பங்களிப்புக்கு வழங்கப்பட்டிருக்கிறது. 2017இல் பெற்றவர் சிறுவர் நாடகக் கலைஞர் வேலு சரவணன். ‘அந்த ஆண்டு நூல் ஏன் இல்லை?’ என்று கேட்ட குழந்தைகளுக்கு அம்மையார் அதை விளக்கப்போய், அவர்கள் தாங்களே ஒரு நாடகம் போட்டு அந்த இடத்தை நிரப்பினார்கள்.

இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ ஆறாம் வகுப்பில் கை மாறிக்கொண்டே இருந்தது. வேதாளத்தின் கேள்வியை ஒருவர் உரக்கப் படித்துவிட்டு நூலை மூடிக்கொள்வதும், விடையை மற்றவர்கள் சொல்ல முயல்வதும் மதிய இடைவேளையின் வழக்கமாயின. அம்மையார் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை அறிக்கையில் எழுதும் திறன் எனக்கில்லை. 2024இல் விருது பெற்ற யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ வந்திறங்கிய அன்று, பதிவேட்டில் எண் இடும் முன்பே ஒரு மாணவி அதைப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குறித்துப் பெற்றோர் சிலர் தயக்கம் தெரிவித்தனர். தகாத தொடுதலைப் பற்றிப் பேசும் கதை சிறு பிள்ளைகளுக்கு எதற்கு என்பது அவர்களின் கேள்வி. அம்மையார் வாதிடவில்லை, தயங்கிய தாய்மார்களிடமே நூலைக் கொடுத்து, முதலில் நீங்கள் படியுங்கள் என்றார். அவர்களுள் ஒருவர் நூலைத் திருப்பித் தந்தபோது, தம் மகளின் பெயரிலேயே அதை மறுபடியும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

ஆண்டிறுதிச் சரிபார்ப்பில் மூன்று நூல்கள் குறைந்தன. அவற்றுள் இரண்டு, ம.இலெ. தங்கப்பாவின் பாடல் தொகுப்பான ‘சோளக்கொல்லைப் பொம்மை’யின் பிரதிகள். யார் வீட்டிலோ பாடப்படுகிறது என்று அம்மையார் ஆறுதல் கொண்டார், பொருளாளர் கொள்ளவில்லை. தீர்மானப்படி விலை செலுத்தப்பட்டு, புதிய பிரதிகள் வாங்கப்பட்டன.

நிலுவையில் உள்ளது ஒன்று. கீழடியைப் பற்றிய கதையான உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’யைப் படித்த ஏழாம் வகுப்பு மாணவர்கள், 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டார்கள். பேருந்து வாடகைக்குப் பணம் கூடிவராததால் இவ்வாண்டு இயலவில்லை. மாணவர்கள் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை இவ்வறிக்கையுடன் இணைத்துள்ளேன். புதிய செயற்குழு தன் முதல் கூட்டத்திலேயே அதனை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்