ஒரே மரணத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

தோழி இறந்த பிறகு எதை எழுத உட்கார்ந்தாலும் கதை அவளிடமே போய் நிற்கிறது, கொஞ்ச காலம் எழுதாமல் இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய்.

வேண்டாம், எழுது. நார்வே ஓவியர் எட்வர்ட் மங்க்கின் அக்கா சோஃபி 1877-இல் காசநோயால் இறந்தாள். அவளுக்கு 15 வயது, அவருக்கு 13. எட்டு வருடம் கழித்துத்தான் அவள் கிடந்த படுக்கையை வரைய அவருக்குக் கை வந்தது. பெயின்ட்டைப் பூசுவார், சுரண்டுவார், மறுபடி பூசுவார். 1886-இல் காட்சிக்கு வைத்தபோது, அரைகுறைப் படம் என்று கேலி செய்தார்கள். அவர் விடவில்லை. அதே காட்சியை நாற்பது வருடங்களில் ஆறு முறை வரைந்தார். அவர் அறுபதைத் தாண்டிவிட்டார், படுக்கையில் இருந்தவளுக்கு அதே பதினைந்து வயதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் தலையைக் குனிந்திருப்பாள், முகம் தெரியாது. அழுகிறாளா என்று அவர் நமக்குக் காட்டவே இல்லை. நான் அதிக நேரம் பார்த்தது அந்தக் குனிந்த தலையைத்தான்.

சாவு பயம் நல்ல எழுத்தைக் கொடுக்கும் என்பதை மட்டும் நம்பாதே. ஒரு மருத்துவப் பரிசோதனை முடிவுக்காக நான் பதினோரு நாள் காத்திருந்தேன். அந்த நாட்களில் உருப்படியாக ஒரு வரி எழுதவில்லை. பழைய நோட்டுகளை அடுக்கி, எதை யார் கிழித்துப் போடலாம் என்று பட்டியல் போட்டேன், அவ்வளவுதான். முடிவு நல்லபடியாக வந்த பிறகுதான் அந்தப் பயத்தின் வேலை தெரிந்தது. அழகுக்காகச் சேர்த்த வரிகளைப் படிக்க எனக்கே பொறுமை இல்லாமல் போயிற்று.

அப்புறம், செத்த பிறகு ஒன்றும் இல்லை என்றால் யாருக்காக எழுதுவது என்ற உன் கேள்வி. சீனப் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் மறுமைக்காக ஆயிரக்கணக்கான சுடுமண் வீரர்களைச் செய்து மண்ணுக்குள் நிறுத்தினார்கள். 1974-இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்ணில் படும்வரை, இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் அவை புதைந்தே கிடந்தன. உயிரோடு இருப்பவர் யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் முகத்துக்கு முகம் வித்தியாசம் காட்டியிருக்கிறார்கள், கொண்டை முடிச்சைக்கூட விடவில்லை. சில பொம்மைகளில் செய்தவர் பெயரும் உண்டு. புகழுக்காக இல்லை, குறை இருந்தால் ஆளைப் பிடிக்க! மறுமையை அந்தக் கைகள் எவ்வளவு நம்பினவோ, கொண்டை மட்டும் ஒழுங்காக இருக்கிறது. எனக்கு மறுமையில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இனி படிக்கவே முடியாத ஒருத்தியை எதிரில் வைத்துக்கொண்டு எழுதும்போது பொய் சொல்ல வருவதில்லை. உன் எழுத்திலும் அதைப் பார்த்தேன்.

சரி, அந்த இரண்டாவது கதையை முடிவு இல்லாமலே அனுப்பு. தோழி பாதியில் நிறுத்திய வாய்ஸ் மெசேஜுக்குப் பிறகு வானத்தைப் பற்றி மூன்று வரி வருகிறதே, அதை மட்டும் எடுத்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்.

அன்புடன்,
அண்ணன்