மூணாவது திரி

அன்புள்ள அம்மா,

சின்னவள் எழுதின உங்கட கடிதம் புதன்கிழமை கிடைச்சிச்சு. "மாமா நம்மள அயத்துப் போனாராம்" எண்டு நீங்க சொல்லச் சொல்ல அப்படியே எழுதி இரிக்காள், வாசிச்சிட்டுச் சிரிச்சன், மறுகா சிரிக்க ஏலாமப் போச்சு. அயக்கல்லம்மா. எழுதோணும் எழுதோணும் எண்டு இரிந்து, நத்தாருக்கு முந்தின திருவருகைக் காலத்து மூணாவது ஞாயிறும் வந்திட்டு.

இஞ்ச நோர்வேயில, பேர்கன்ல மழைதான். நம்மட மட்டக்களப்பு மாரி மாதிரி கொட்டிட்டு விடுறதும் இல்ல, நாள் முழுக்க சிணுங்கும், விடிய பத்து மணிக்குக் கிட்டத்தான் வெளிச்சம், பின்னேரம் மூணரைக்கெல்லாம் இருட்டு. ஜன்னல் ஜன்னலா ஏழு லைட் ஸ்டாண்ட் வெச்சிரிக்காங்க, டவுன்ல இஞ்சி பிஸ்கட்டால ஒரு ஊரே கட்டுவாங்க, தங்கச்சியிட வீட்ட விட அது கெதியா முடிஞ்சிரும்.

முதல் ஞாயிறு நான் திருவருகைக்கு வெச்ச நாலு ஊதா நிற மெழுகுதிரியையும் ஒண்டாப் பத்த வெச்சிட்டன். கரண்ட் பில்லுக்குப் பயந்து இல்ல, சும்மா ஒரு ஆசைக்கு. எதிர்வீட்டுக் கிழவி ஜன்னலால கண்டிட்டு மழைக்குள்ள செருப்போட வந்து கதவத் தட்டி, மூணு திரிய தானே ஊதி அணைச்சிட்டா, "கிழமைக்கு ஒண்டுதான், இப்பயே எரிச்சா நத்தாருக்கு எதக் கொளுத்துவாய்?" எண்டு ஏச்சு வேற. கோயில் பக்கமே போகாத மனிசி. என்ட கறி மணத்துக்கு ஜன்னலத் துறந்து வெக்கிறவ, தேங்காப்பால் விட்ட பாலாணத்துக்கு மட்டும் கிண்ணத்தக் கழுவித் தந்தா. இப்ப ஞாயிறெண்டா அங்கால நிண்டு என்ட திரிய எண்ணுறா.

இண்டைக்குப் பூசையில ஸ்நாபக அருளப்பர் சிறையில இரிந்து ஆளனுப்பி, வரப்போறவர் நீர்தானா, இல்ல வேறாளப் பாத்திரிக்கணுமா எண்டு கேட்ட வாசகம். ஆத்துக்க நிண்டு ஞானஸ்நானம் குடுத்தவருக்கே சந்தேகம் பாருங்க. ஆண்டவர் கோவிக்கல்ல, ஆனா சிறைய விட்டு எடுத்து விடவும் இல்ல. யாக்கோபர் வாசகத்தில முன்மாரி பின்மாரிக்குப் பொறுத்திரிக்கிற வேளாண்மைக்காரன் வந்தான், எனக்கு அப்பாட முகம் வந்து கண் கலங்கிட்டு, பக்கத்தில இரிந்தவர் தடிமன் பிடிச்சிட்டா எண்டு கேட்டார். யாக்கோபருக்கு உன்னிச்சைக் குளத்து வான்கதவு துறந்தா வயல் மூழ்குறது தெரியாது போல. 1978 சூறாவளிக்குப் பிறகும் விதைச்ச மனுசன், அவருக்கு ஆர் உத்தரவாதம் குடுத்த? எனக்கு அந்த நம்பிக்கை அரைவாசிதான் இரிக்கு, மிச்சத்துக்குத் திரிய எரிச்சுக்கிட்டு இரிக்கன்.

விசா காட் புதுப்பிக்கக் குடுத்து எட்டு மாசம், வரும், யோசிக்காதீங்க. அது வரைக்கும் வேலையில லீவு தந்திரிக்காங்க, நல்லா நித்திரை கொள்றன். சாப்பாட்டுக்குக் குறை இல்ல. குறையெண்டா எருமைத் தயிரும், கல்லடிப் பாலத்தில நிண்டு வாங்கிற காத்தும் தான். நேத்து ராவு அந்தக் காத்துக் கனவில வந்திச்சு, எழும்பினா ஹீட்டர நிப்பாட்டினபடியே கிடக்கு.

சரி, வீட்டு விசயம். ஓடு போடுற காசு தைக்குப் பிறகுதான் அனுப்பலாம். மேசனுக்கு அப்பா வாக்குக் குடுத்திட்டாரெண்டா மாமாட்ட ஒருக்காக் கதையுங்க, நான் சொன்ன எண்டு சொல்லாதீங்க. மாப்பிள்ள வீட்டாருக்கும் அதே கதைதான். உங்கட காப்ப மட்டும் அடகு வெக்காதீங்க, வெச்சா கேள்விப்படுவன். வயல் வட்டையில தண்ணி வடிஞ்சிட்டா, திரும்ப விதைக்கணுமா எண்டு அப்பாட்டக் கேட்டு எழுதுங்க. தாண்டவன்வெளிக் கோயில் குடிலுக்கு இந்த முறையும் நம்மட வைக்கோல்தான் போகுதா?

உறைக்குள்ள கடிதம் மட்டும்தான், உதறிப் பாக்க வேணாம்.

உங்கட மகன்