அப்பா வெட்டின கிணத்தடிக்கு எங்களைத் திரும்பக் கூட்டிட்டு வந்தவங்களுக்கு

கர்த்தருக்குள் பிரியமான எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இந்த மடலை நம்ம சபை அசனம், அதான் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடற கோயில் விருந்து, முடிஞ்ச அன்னைக்கே எழுதணும்னு நினைச்சேன், உக்காந்தா யாருக்கு முதல்ல நன்றி சொல்றதுன்னே தெரியல, அத்தனை பேரு. ஊர்ல இருக்கறவங்களுக்கு விஷயம் தெரியும். சென்னை, பம்பாய், துபாய்னு பிழைக்கப் போன நம்ம சபை ஆளுங்களுக்காக சுருக்கமா சொல்லிடுறேன். தேரிக்காட்டு ஓரத்துல எங்க அப்பா வெட்டின கிணறு ஒண்ணு, அதுல எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கு அரைப் பங்கு, கரண்ட் சர்வீஸ் மட்டும் அண்ணன் பேர்ல. 2013 கோடையில தண்ணி அடியில போயிடுச்சு, யாரு முறைன்னு வாய்த்தகராறு வந்துச்சு, ஒரு நாள் காலையில போய்ப் பார்த்தா என் வயலுக்குப் போற பைப்பு அறுபட்டுக் கிடக்கு, என் வாழை எல்லாம் தலை தொங்கிப் போச்சு. அதுக்கப்புறம் போலீஸ், முன்சீப் கோர்ட், வாய்தா, வாய்தா மேல வாய்தா. பதினோரு வருஷம். அந்தப் பதினோரு வருஷமும் நான் அண்ணனை அண்ணன்னு சொல்லல, வீட்டுல "அவன்"னு சொன்னா அது யாருன்னு என் சின்ன மகளுக்குக் கூட தெரியும்.

முதல்ல எங்க சபை போதகர் ஐயரவாளுக்கு நன்றி. அவங்க இந்த ஊருக்கு மாத்தலாகி வந்தப்ப கேஸ் பத்தி யாரோ சொல்லியிருக்காங்க, ஆனா என்கிட்ட கேஸ் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. நம்ம சி.எஸ்.ஐ. திருவிருந்து ஆராதனையில காணிக்கைக்கு முன்னால சமாதானம் கொடுக்கறது உண்டுல்ல, ஐயர் முன் வரிசையில ஒருத்தர் கையில கொடுக்க, அவங்க பக்கத்து ஆள் கையில கொடுக்க, கைக்குக் கை அப்படியே கடைசி பெஞ்சு வரைக்கும் வரும். அண்ணன் எப்பவும் ஆண்கள் பக்கம் அஞ்சாவது வரிசை. நான் அந்த நேரம் பார்த்து வெளிய போயிடுவேன், செருப்பு கிடக்கற இடத்துல நின்னுட்டு எல்லாம் முடிஞ்சதும் உள்ள வந்து அப்பமும் திராட்சரசமும் வாங்கிட்டுப் போவேன். ஐயர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சுட்டு கிளம்பறப்ப கேட்டது இது ஒண்ணுதான், "தம்பி, சமாதானம் கொடுக்கற நேரத்துல மட்டும் ஏன் வெளிய போறீங்க?" எனக்குப் பதில் வரல. ஒவ்வொரு திருவிருந்துலயும் அந்த இடத்துல வாசிக்கறது 133-ஆம் சங்கீதம், சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானதுன்னு. சகோதரர்னு வாசிக்கற நேரத்துக்குத்தான் நான் சரியா வெளிய போயிட்டிருந்திருக்கேன், அவங்க கேக்கற வரைக்கும் எனக்கு அது உறைக்கவே இல்ல.

அடுத்த வாரம் ஐயர் என்னைக் கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போய் பைபிள்ல ஆதியாகமம் 26 வாசிக்கச் சொன்னாங்க. ஈசாக்கு கதை, சின்ன வயசுல ஓய்வுநாள் பள்ளியில கேட்டதுதான். தகப்பன் ஆபிரகாம் நாள்ல வெட்டின கிணறுகளைப் பெலிஸ்தர் தூர்த்து மண்ணால நிரப்பிப்போட்டாங்கன்னு வர்ற இடத்துல எனக்குக் குரல் நின்னு போச்சு. ஏன்னா போன பங்குனியில கோபத்துல நானே சொன்னேன், எனக்கு இல்லாத தண்ணி அவனுக்கும் வேண்டாம், ஜேசிபி வச்சு இந்தக் கிணத்த தூத்துப்புடுறேன்னு. அப்பா கடப்பாறை பிடிச்சு உள்ளங்கை காய்ச்சுப் போய் வெட்டின கிணறு அது. ஈசாக்கு முதல் கிணத்துக்குச் சண்டை வந்ததும் ஏசேக்குன்னு பேர் வச்சுட்டு விலகுறாரு, ரெண்டாவதுக்கும் சண்டை, சித்னான்னு பேர் வச்சுட்டு விலகுறாரு, மூணாவதுக்கு யாரும் சண்டைக்கு வரல, கர்த்தர் நமக்கு இடம் உண்டாக்கினாருன்னு ரெகொபோத்னு பேர் வைக்கிறாரு. பயந்து விலகினாருன்னு நான் நினைச்சிருந்தேன். அப்படி இல்லங்க, அப்புறம் அவரை விரட்டின ராஜா அபிமெலேக்கே தேடி வந்து உடன்படிக்கை பண்ணிக்கிறான், ஈசாக்கு அவனுக்கு விருந்து வைக்கிறாரு. மறுநாள் காலையில ஆணையிட்டு அவனைச் சமாதானமா அனுப்பி வச்ச அதே நாள்ல வேலைக்காரங்க வந்து தண்ணி கண்டோம்னு சொல்றாங்க.

மைனிக்கு, அதான் அண்ணன் வீட்டுக்காரிக்கு, நன்றி சொல்ற இடத்துல எனக்குக் கை நடுங்குது. என் வீட்டுக்காரிக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த மறுநாள் மதியம், வாசல் படியில ஒரு தூக்குவாளி இருந்துச்சு, மூடியைத் திறந்தா மிளகு ரசமும் குழைய வடிச்ச சோறும். யாரு வச்சதுன்னு தெரிஞ்சதும் அப்படியே எடுத்துட்டுப் போய் தென்னை மூட்டுல கொட்டிட்டேன். மறுநாளும் வந்துச்சு. கொட்டப் போறப்பதான் பார்த்தேன், வாளி கழுத்துல புள்ளி புள்ளியா எங்க அம்மா பேரு வெட்டியிருக்கு, அம்மா செத்து பாத்திரம் பிரிச்சப்ப அண்ணன் பங்குக்குப் போன தூக்கு அது. சின்னதுல அதுலதான் நானும் அண்ணனும் விடிகாலையில பதநீர் வாங்க பனங்காட்டுக்குப் போவோம், திரும்பற வழியில ஆளுக்கு ஒரு வாய் குடிச்சுட்டு அம்மாகிட்ட சிந்திடுச்சுன்னு சொல்லுவோம். நான் கொட்டல. பதிமூணு நாள் வந்துச்சு அந்தத் தூக்கு. உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனங்கொடுன்னு பவுல் ரோமருக்கு எழுதினதைப் பல தடவை கேட்டிருக்கேன், அதுல வர்ற சத்துரு நானா இருப்பேன்னு ஒரு நாளும் நினைச்சதில்ல. மைனி, நான் முதல் நாள் கொட்டினது உங்களுக்குத் தெரியாது, இப்ப எல்லார் முன்னாலயும் சொல்றேன், மன்னிச்சுக்கோங்க.

மேக்காட்டு அண்ணாச்சிக்கு நன்றி. அவங்க நம்ம சபை இல்ல, வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போறவங்க. அந்தப் பதினோரு வருஷமும் அவங்க கிணத்துத் தண்ணியை எனக்கும் விட்டாங்க, அண்ணனுக்கும் விட்டாங்க, ஒருத்தன் பேச்சை இன்னொருத்தன்கிட்ட கொண்டு போகல. காசு நீட்டினா, உங்க அப்பன் எனக்குச் செஞ்சதுக்கு நான்தான் கடன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்னு நான் மனப்பாடமா சொல்லுவேன், அதைச் செஞ்சது அவங்க.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கு நன்றி, குறிப்பா வெள்ளிக்கிழமை ஜெபத்துல என் முகத்துக்கு நேரா பேசின ரிட்டயர்டு டீச்சரம்மாவுக்கு. மன்னிச்சா தப்பு செஞ்சவன் தப்பிச்சுட மாட்டானான்னு நான் எகிறினப்ப அவங்க ஆஸ்திரேலியாவுல இருந்து மிஷனரியா வந்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவைப் பத்திச் சொன்னாங்க. 1999 ஜனவரியில ஒடிசாவுல மனோகர்பூர்ல, வண்டிக்குள்ள தூங்கிட்டிருந்த அவங்க வீட்டுக்காரர் கிரஹாமையும் 10 வயசு பிலிப்பையும் 6 வயசு திமொத்தியையும் உயிரோட எரிச்சாங்க. அந்த அம்மா மன்னிச்சேன்னு சொன்னதோட உடனே ஊரைப் பார்க்கப் போகல, மகளோட சில வருஷம் அங்கேயே தங்கி பாரிபதாவுல தொழுநோய்க்காரங்களுக்கு வேலை செஞ்சாங்க, 2005-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. கோர்ட் அது பாட்டுக்கு விசாரிச்சு தண்டனையும் கொடுத்துச்சு. மன்னிப்பு வேற, சட்டம் வேறன்னு டீச்சரம்மா சொன்னாங்க, அப்புறம் மெதுவா, "உனக்கு அறுபட்டது ஒரு பைப்பு, ராசா"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.

வக்கீல் சாருக்கு நன்றி. கேஸ் இழுத்தா அவருக்குத்தான் வருமானம், ஆனா அவர்தான் லோக் அதாலத்துக்கு, அதான் சமரசம் பேசி முடிக்கற மக்கள் நீதிமன்றத்துக்கு, போங்கன்னு சொன்னாரு. அங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுப் போடற உத்தரவு கோர்ட் தீர்ப்பு மாதிரியே செல்லும், அதுக்கு மேல அப்பீல் கிடையாது, கட்டின கோர்ட் பீஸ் கூட திரும்ப வரும். இதே மாதிரி பங்காளி கேஸ்ல மாட்டியிருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்காகத்தான் இதை எழுதறேன், உங்க தாலுகா கோர்ட்லயே சட்டப் பணிகள் குழு இருக்கும், போய்க் கேளுங்க. எங்களுக்கு நாள் விட்டு நாள் முறைன்னு எழுதினாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் யாருக்கு அவசரமோ அவங்களுக்குன்னு அண்ணன்தான் சொன்னாங்க.

இப்ப ஒரு உண்மை. 2013-ல நான் போலீஸ்ல கொடுத்த மனுவுல அண்ணன் மம்பட்டிக் காம்பால அடிச்சாங்கன்னு எழுதியிருந்தேன். அடிக்கல. தள்ளினாங்க, நானும் தள்ளினேன், நான் கால் இடறி வரப்புல விழுந்தேன். அந்த மனுவால அண்ணன் ரெண்டு நாள் ஸ்டேஷன் வாசல்ல உக்காந்திருந்தாங்க, மூத்த பொண்ணுக்கு வந்த ஒரு சம்பந்தம் அதைக் கேள்விப்பட்டு நின்னு போச்சு. பைப்பை அறுத்தது தான்தான்னு அண்ணன் ஒத்துக்கிட்டாங்க, நான் பொய் எழுதினதை இன்னைக்கு வரைக்கும் ஊர்ல யார்கிட்டயும் சொல்லல. அதனால நானே சொல்றேன். ஊர்ல யாராவது அண்ணனை அடிதடி ஆளுன்னு நினைச்சிருந்தா அது என் பொய்யால நினைச்சது, தயவுசெஞ்சு மாத்திக்கோங்க.

அசனத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை திருவிருந்து. நான் அஞ்சாவது வரிசையில போய் உக்காந்தேன், அண்ணன் திரும்பிப் பார்க்கல, கொஞ்சம் நகர்ந்து இடம் மட்டும் விட்டாங்க. சமாதானம் வரிசை வரிசையா வந்துச்சு. அண்ணன் கையைக் குவிச்சு என் பக்கம் நீட்டினாங்க, நான் ரெண்டு கையாலயும் பிடிச்சேன், அப்பா கை மாதிரியே காய்ச்சுப் போன கை. எனக்குப் பக்கத்துல இருந்தவருக்கு நான் கொடுக்கணும், அண்ணன் கையை விட முடியாம ரொம்ப நேரம் நின்னுட்டேன், பாவம் அந்த வரிசை மொத்தமும் எங்களுக்காகக் காத்துட்டிருந்துச்சு, ஐயரும் அவசரப்படுத்தல. அந்த வரிசையில இருந்த எல்லாருக்கும் நன்றி.

பிள்ளைங்க இன்னும் சரியாப் பேசிக்கல, பதினோரு வருஷம் நாங்க சொல்லிக் கொடுத்தது ஒரு மாசத்துல போயிடாது, ஜெபம் பண்ணிக்கோங்க. அசனத்துக்கு அண்ணாச்சியும் வந்திருந்தாங்க, சாம்பார் வாளியோட பந்தியில ஓடினது அண்ணன், பின்னாலயே சோத்துக் கூடையோட நான். நாளைக்கு அண்ணன் முறை, ஆனா என் வாழைக்கு உரம் வச்சிருக்கேன்னு தெரிஞ்சு, காலையில ஒரு மணி நேரம் நீ போட்டுக்கோன்னு இப்பத்தான் போன் பண்ணினாங்க.

இப்படிக்கு,
அண்ணனோட தம்பி