எங்கள் மலையில் காதுதான் காவல்

விமானப் போக்குவரத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், எங்கள் நீர்த்தேக்கத்தில் சுற்றுலா விமானம் இறக்குகிறவர்களுக்கும்,

வணக்கம்.

இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்தில், ஒரு நீர்த்தேக்கத்துக்கு நேர் மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, எழுதுகிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். எந்த நீர்த்தேக்கம், எந்த நிறுவனம் என்பதை இங்கே எழுதவில்லை. எங்கள் பிள்ளைகள் சிலர் கரையிலுள்ள ஹோட்டல்களில் வேலை செய்கிறார்கள். அவர்கள் பிழைப்புக்கு என் மடலால் இடைஞ்சல் வரக் கூடாது. கையெழுத்துகளோடு நாங்கள் அனுப்பிய மனுவில் எல்லா விவரமும் இருக்கிறது. அதற்கு இன்னும் பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் விமானத்துக்கு எதிரிகள் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து, மலையகத்துப் பாதைகள் மண்ணுக்குள் போன நாட்களில், எத்தனையோ பேர் ஹெலிகொப்டர் சத்தம் கேட்காதா என்று வானத்தைப் பார்த்துக் கிடந்தார்கள். உயிரைக் காப்பாற்ற வருகிற சத்தம் நடுச்சாமத்தில் வந்தாலும் எழுந்து கும்பிடுவோம். நான் பேசுவது மலையைச் சுற்றிக் காட்டவும், ஹோட்டலுக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கவும் வருகிற நீர்விமானங்களையும் ஹெலிகொப்டர்களையும் பற்றி.

சத்தம் என்றதும் தூக்கம் கெடுகிறது, தலை வலிக்கிறது என்று சொல்லப் போகிறேன் என நினைப்பீர்கள். அதுவும் உண்டு. ஆனால் எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. இந்த மலையில் நாங்கள் காதை வைத்துத்தான் உயிர் பிழைக்கிறோம்.

குளவியை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலை மலையில் வேலை செய்கிறவர்களுக்குக் குளவி என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. குளவி கொட்டி ஆட்கள் செத்த செய்தி வராத வருஷம் இல்லை. கொழுந்தெடுக்கிற பெண்கள் ஆளுக்கொரு நிரையில், தலை செடிக்குள் குனிந்திருக்க, சரிவு முழுக்கப் பரந்து நிற்பார்கள். ஒருத்தி கூட்டைக் கண்டுவிட்டால் அவளிடம் இருக்கிற ஒரே ஆயுதம் தொண்டைதான். "குளவி, குளவி! ஓடுங்க!" என்று ஒரு கத்தல். அது கீழ் நிரை வரைக்கும் போய்ச் சேர வேண்டும்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். கீழே தண்ணீரில் விமானம் கிளம்பிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில்தான் மேல் நிரையிலிருந்து அந்தக் கத்தல் வந்தது. மேலே நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். கீழே நின்ற மூன்று பேருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் ஆள் ஓடுவதைக் கண்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் கொட்டிவிட்டது. மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார்கள். குளவி கலைந்தது விமானத்தால் என்று நான் சொல்ல வரவில்லை. கத்திய குரல் அவர்களுக்கு எட்டாமல் போனது விமானத்தால்தான்.

அப்புறம் மண்சரிவு. சரிவு வருமுன் மலை ஏதாவது சொல்லும். மரம் முறிகிற சத்தம், கல் உருளுகிற சத்தம், தூரத்தில் ஒரு உறுமல். வழக்கமில்லாத சத்தம் கேட்டால் உடனே விலகிப் போகச் சொல்லித்தான் எங்களுக்கு அறிவுறுத்துகிறார்கள். பிள்ளைகளுக்கு வகுப்பில் நானும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மழை விட்டு இரண்டு நாளில், மேகம் இறங்கிய காலையில், கண்ணுக்குத் தெரியாத விமானம் ஒன்று உறுமிக்கொண்டு வரும்போது அந்தப் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும்? புயலுக்குப் பிறகு என் வகுப்பில் இரண்டு பேர் அந்தச் சத்தத்துக்குப் பையைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினார்கள். மற்றவர்கள் ஓடவில்லை. அந்த மற்றவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகம் பயம். பெரிய உறுமல் கேட்டாலும் "அது விமானம்தான்" என்று உட்கார்ந்திருக்கப் பழகிவிட்டார்கள்.

வயதானவர்களுக்கு இன்னொரு பயம். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றி வந்த விமானம் சப்த கன்னி மலையில் மோதி 191 பேர் இறந்தார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. அது எங்கள் பக்கத்து மலை. பனிமூட்டத்துக்குள் விமானம் தாழ்வாக வந்தால் என் தாத்தா இன்றைக்கும் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் தேய்ந்து போகும் வரைக்கும் காத்திருப்பார்.

தரையில் இருக்கிற விமான நிலையத்தைவிட இங்கே சத்தம் ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று கேட்பீர்கள். மிதவை கட்டிய விமானத்தைத் தண்ணீர் பிடித்து இழுக்கும். அதிலிருந்து விடுபட்டு எழும்பும் வரைக்கும் இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்ட வேண்டியிருக்கிறது. அசையாத நீர்ப்பரப்பு சத்தத்தை உறிஞ்சாது, அப்படியே கரைக்குத் தள்ளிவிடும். காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கி, அதற்கு மேலே சூடான காற்று நிற்கும். மேலே போக வேண்டிய சத்தம் அதில் வளைந்து திரும்பவும் எங்கள் தலையிலேயே இறங்கும். போதாததற்கு இரண்டு பக்கமும் மலை. கடைசியில் அது வந்து விழுவது பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவின் (அறையின்) தகரக் கூரையில். அந்தக் காம்பராவுக்குள் பகலில் தூங்குகிறவர் யார் தெரியுமா? இரவெல்லாம் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைத்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பியவர். நாலு லயம் தள்ளிப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்), அம்மாமார் மலைக்குப் போன பிறகு தொட்டிலில் கிடக்கிற குழந்தைகள். ஒன்று அலறினால் எல்லாம் அலறும்.

உயரத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். சர்வதேச விதிப்படி, நெருக்கமான குடியிருப்புக்கு மேலே பறந்தால் சுற்றி 600 மீற்றருக்குள் இருக்கிற மிக உயரமான தடையிலிருந்து 300 மீற்றராவது மேலே இருக்க வேண்டும். மற்ற இடங்களில் 150 மீற்றர் போதும். ஏறும்போதும் இறங்கும்போதும் இதற்கு விலக்கு உண்டு. சரி, எங்கள் ஊருக்கு வருகிற விமானம் எப்போது பார்த்தாலும் ஒன்றில் ஏறிக்கொண்டிருக்கிறது, இல்லாவிட்டால் இறங்கிக்கொண்டிருக்கிறது. தண்ணீரிலிருந்து 150 மீற்றர் ஏறினால் அது எங்கள் வாசல் மட்டம். விமானியின் முகத்தை நாங்கள் நேருக்கு நேர் பார்க்கிறோம். வரிசை வரிசையாக நிற்கிற லயங்கள் உங்கள் வரைபடத்தில் குடியிருப்பா, வெறும் தேயிலைக் காடா?

அடுத்தது அளவு. 1996ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிகளைக் குறைந்த இரைச்சல் பகுதியாக வைத்து, பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45 டெசிபல் என்று எல்லை போடுகின்றன. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பக்கத்தில் பகலிலும் 50தான். உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கென்று எழுதிய வழிகாட்டலில் விமான இரைச்சல் 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. இந்த அளவுகோல்களில் எதை வைத்தாவது எங்கள் லயத்தில் ஒரு தடவை அளந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஆனால் தயவுசெய்து நாள் முழுவதற்கும் சராசரி எடுத்துக் காட்டாதீர்கள். 24 மணி நேரத்தின் மீது பரப்பினால் மூன்று விமானங்களின் சத்தமும் கரைந்து, எங்கள் ஊர் அமைதிப் பூங்காவாகத் தெரியும். குளவி கொட்டுவதற்கு அரை நிமிஷம் போதும். ஒவ்வொரு விமானமும் போகும்போது சத்தம் எவ்வளவு உச்சத்துக்குப் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது என்பதை எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நாங்கள் கேட்டுப் பெறலாம். நீங்களாகவே தந்துவிட்டால் இரண்டு பக்கமும் வேலை குறையும்.

விமானமே வரக் கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு வருகிறது என்பதை முதல் நாளே தோட்டத்து ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சொல்லிவிடுங்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கங்காணி அதை அறிவித்தால், அந்த நேரத்தில் குளவிக்கூடு இருக்கிற மலையைத் தவிர்க்கலாம். லயங்கள் இல்லாத அந்தப் பக்கத்துக் கரையோரமாகப் போய், தண்ணீருக்கு மேலேயே உயரம் எடுத்த பிறகு திரும்பட்டும். மண்சரிவு எச்சரிக்கை இருக்கிற நாட்களில் சுற்றுலாப் பறப்பு வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். புலமைப்பரிசில் பரீட்சையும் சாதாரண தரப் பரீட்சையும் நடக்கிற நாட்களில் பகல் முடியும் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முறைப்பாடு சொல்லத் தமிழ் தெரிந்த ஒருவரும் வேண்டும். நான் ஓர் இலக்கத்துக்கு மூன்று தடவை பேசினேன். சிங்களத்தில் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஆங்கிலத்தில் ஈமெயில் அனுப்பச் சொன்னார்கள். எனக்கு எழுத வரும், அனுப்பினேன். குளவி கொட்டிய அந்த மூன்று பேரும் எந்த மொழியில் யாருக்கு எழுதுவார்கள்?

நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்று 1960களில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களைக் கட்டினார்கள். பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயில் இன்றும் தலை காட்டும். அந்தத் தண்ணீரின் கரையில்தான் எங்களைப் போன்றவர்கள் மிச்சம் இருக்கிறோம். அதன் மேல் விமானம் இறக்க முடிவெடுக்கும்போது, கரையில் இருக்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அளக்க வருகிற நாளை எங்களுக்கு அறிவிக்கத் தேவையில்லை. விமானம் வருகிற ஏதாவது ஒரு காலையில் கருவியோடு வாருங்கள். பிள்ளைக் காம்பராவின் திண்ணையில் ஒன்றை வையுங்கள், ஏதாவது ஒரு லயத்துக் காம்பராவுக்குள் இன்னொன்றை வையுங்கள். எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் திறப்பார்கள்.

இப்படிக்கு,
நீர்த்தேக்கத்து மேல் லயத்து மக்கள் சார்பில்,
தோட்டப் பள்ளி ஆசிரியை ஒருவர்