‘படம்: இணையம்’ என்று போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு மலரில் பழைய தொடர்கதைகளைப் பற்றி வந்த கட்டுரையை வரி விடாமல் படித்தேன். நன்றாக எழுதியிருந்தார்கள், எழுத்தாளர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, எந்த இதழில் எப்போது எழுதினார்கள் என்பது வரைக்கும் சொல்லியிருந்தார்கள். ஆனால் நடுவே போட்டிருந்த மூன்று படங்களின் கீழேயும் ‘படம்: இணையம்’ என்று மட்டும் இருந்ததைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அதில் ஒரு படத்தின் மூலையில் மணியம் என்ற கையெழுத்து கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. கையெழுத்து இருக்கும் படத்துக்கே பெயர் போடவில்லை என்றால், கையெழுத்து இல்லாத படங்களின் கதி என்ன?

இது உங்கள் பத்திரிகையின் குறை மட்டும் இல்லை. தமிழில் பத்திரிகை ஓவியத்தின் வரலாற்றை நாம் எங்கே வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் வந்தபோது வாராவாரம் மணியம் வரைந்தார். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அச்சடிக்கிறார்கள். ஆனால் கடையில் கிடைக்கிற பதிப்புகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் படங்கள் இல்லை, இருந்தாலும் நகலுக்கு நகல் எடுத்து மங்கியவைதான். வந்தியத்தேவனுக்கு முகம் கொடுத்தவர் புத்தகத்துக்கு வெளியே நிற்கிறார். அந்தப் படங்களை வந்தபடியே பார்க்க வேண்டும் என்றால் யாராவது ஒருவர் வீட்டில் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது இந்த பைண்டு வால்யூம்களைப் பற்றித்தான். தமிழ் ஓவியத்தின் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது என்றால் அது இவைதான், அது பரண்களில் சிதறிக் கிடக்கிறது. தொடர் முடியும்வரை வாராவாரம் பின்னைக் கழற்றி அந்தப் பக்கங்களை மட்டும் எடுத்து, அடுக்கி, பைண்டிங் கடையில் கொடுத்து முதுகில் காலிகோ துணி ஒட்டி வாங்குவார்கள், மேலே கதையின் பெயரை யாராவது கையெழுத்து நன்றாக இருப்பவர் எழுதுவார். இதில் பெரிய விஷயம் என்னவென்றால், கதைப் பக்கத்தின் பின்பக்கமும் கூடவே தப்பித்து வந்துவிடும். அங்கே கோபுலுவின் ஒரு ஜோக் இருக்கும், சோப்பு விளம்பரத்துக்கு யாரோ வரைந்த ஒரு பெண் முகம் இருக்கும், வேறு சிறுகதையின் வால் இருக்கும். கதையைக் காப்பாற்ற நினைத்தவர்கள் தெரியாமலே அந்தக் காலத்துப் பத்திரிகை எப்படி இருந்தது என்பதையும் காப்பாற்றிவிட்டார்கள். ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து சிற்பங்களை வரைந்து விகடனில் கொடுத்ததையெல்லாம் கதையே இல்லாமல் படத்துக்காக மட்டும் சேர்த்து வைத்த வீடுகளும் உண்டு.

நான் இருப்பது நகரியில். வண்டி ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருத்தணி, அது தமிழ்நாடு. எங்கள் பக்கம் ஆந்திரா. 1960 ஏப்ரலில் எல்லை மாற்றியபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது, நகரியும் புத்தூரும் இந்தப் பக்கமே நின்றுவிட்டன, தறி நெய்கிற வீடுகளில் இன்றும் தமிழ்தான் பேச்சு. படிப்பு மட்டும் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ. அதனால் ஒரே வீட்டில் பெரியவர்கள் தமிழ்ப் பத்திரிகை படிப்பார்கள், பிள்ளைகள் தெலுங்குப் பத்திரிகை படிப்பார்கள்.

இப்படிப்பட்ட வீடுகளில்தான் ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் மதராஸில் சந்தமாமாவைத் தெலுங்கிலும் அம்புலிமாமாவைத் தமிழிலும் ஆரம்பித்தார்கள். இரண்டிலும் படம் ஒன்றுதான், எழுத்து மட்டும்தான் வேறு. அண்ணன் கையில் தெலுங்கு, தங்கை கையில் தமிழ் இருந்தாலும், தோளில் வேதாளத்தைப் போட்டுக்கொண்டு கத்தியை உருவியபடி நடக்கிற விக்ரமாதித்தன் இரண்டு பேருக்கும் ஒருவன்தான். அந்த விக்ரமாதித்தனை வரைந்தவர் தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் 1924-ல் பிறந்த கே.சி.சிவசங்கரன், சங்கர் என்று கையெழுத்துப் போட்டவர். 1952-ல் அங்கே சேர்ந்து ஏறக்குறைய அறுபது வருஷம் வரைந்தார். 2020-ல் மறைந்தபிறகு 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். எத்தனையோ மொழிகளில் வந்த ஒரு பத்திரிகையில் வரைந்தவரின் பெயர், அவர் இருந்த காலத்தில் எத்தனை வாசகர்களுக்குத் தெரிந்திருந்தது?

அதே பத்திரிகையின் அட்டையில் ஸ்ரீகாகுளத்தில் பிறந்த வட்டாதி பாபய்யா வரைவார். மூலையில் தெலுங்கு எழுத்தில் ‘வ.பா.’ என்று போட்டிருப்பார். அம்புலிமாமாவிலும் அந்த எழுத்து அப்படியே வரும். தமிழ் மட்டும் படித்தவர்களுக்கு அது ஏதோ கிறுக்கல் மாதிரிதான் தெரிந்திருக்கும், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு ஆளின் பெயர். எல்லையில் இருப்பவர்கள் கையில் இருக்கிற இந்தச் சின்ன அறிவும் தொகுப்போடு சேர்த்துப் பதிவாக வேண்டும், அது எந்த நூலக அட்டவணையிலும் இல்லை.

இப்போது இந்த வால்யூம்களுக்கு என்ன ஆகிறது என்றால், எங்கள் பக்கத்தில் முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவது இவைதான். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. பெரியவர் போய்விட்டால் பதினாறாம் நாள் முடிந்து வீட்டைச் சுத்தம் செய்யும்போது எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படிக்கத் தெரியாத புத்தகத்தை எத்தனை நாள் பரணில் வைத்திருப்பார்கள்? ஆனால் படத்தைப் பார்ப்பதற்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லையே, அதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அப்புறம் எங்கள் ஊர் வெயில். பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது, அதில் இருக்கிற லிக்னின் என்ற மரப்பொருள் சூட்டிலும் வெளிச்சத்திலும் பழுப்பாகி ஓரம் அப்பளமாக நொறுங்கும். தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற பரண் அதற்கு எமன். ராமபாணப் பூச்சி இன்னொரு பக்கம்.

காப்பாற்ற நினைப்பவர்களே செய்கிற சேதமும் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். மறுபடி பைண்டு செய்யக் கொடுத்தால் கடைக்காரர் ஓரம் நேராக வரட்டும் என்று கட்டிங் மெஷினில் கொடுத்து மூன்று பக்கமும் வெட்டிவிடுவார். ஓவியரின் கையெழுத்து எங்கே இருக்கும்? பெரும்பாலும் கீழ் மூலையில். போயிற்று. கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டினால் சில வருஷத்தில் டேப் உதிர்ந்து பசை மட்டும் மஞ்சள் கறையாக நிற்கும். ஸ்கேன் செய்கிறவர்கள் எழுத்து தெரிந்தால் போதும் என்று கறுப்பு வெள்ளையில் எடுத்துவிடுகிறார்கள். அந்த முறையில் சாம்பல் நிறமே கிடையாது, ஒன்று கறுப்பு இல்லை வெள்ளை, அதனால் ஓவியர் தண்ணீர் கலந்து மெல்லிசாக இழுத்த நிழல் எல்லாம் ஒரே மைத்திட்டாகிவிடும். படம் இருக்கிற பக்கத்தையாவது கலரில், கோட்டோவியமாக இருந்தால் 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) வரைக்கும் போய் எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஓவியத்தைத் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுத்துத்தான் அச்சடித்தார்கள், எத்தனையோ மூல ஓவியங்கள் அதோடு தொலைந்தும் போயின. அவற்றைப் பொறுத்தவரை அச்சான பக்கம்தான் நமக்கு மிச்சம் இருக்கிற மூலம், அதை நகல் என்று நினைத்து அலட்சியமாகக் கையாளக் கூடாது.

இது வெளியே எங்கும் நடக்காத விஷயமும் இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ஊரில் இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகம், வால்ட் ரீட் என்கிற ஓவியர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை வாங்கி வைத்திருக்கிறது. அவர் சேர்த்தது என்ன தெரியுமா, முக்கால்வாசி பத்திரிகைகளிலிருந்து கிழித்தெடுத்த பக்கங்கள்! நம் வீட்டுப் பெரியவர்கள் செய்த அதே வேலை. ஒரு வித்தியாசம், அவர் ஓவியர் பெயர் வாரியாகப் பிரித்து வைத்தார், நாம் கதை வாரியாக வைத்தோம். அதே நாட்டில் வில்மிங்டன் என்ற ஊரைச் சேர்ந்த ஹோவர்ட் பைல் என்ற பத்திரிகை ஓவியர் 1911-ல் இறந்தபோது ஊர்க்காரர்கள் அடுத்த வருஷமே சங்கம் அமைத்து அவருடைய படங்களை வாங்கினார்கள், இன்றைக்கு அது டெலவேர் கலை அருங்காட்சியகம்.

நம்மிடமே ரோஜா முத்தையா இருந்தாரே. கோட்டையூரில் இருந்தவர், விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர், புத்தகம் மட்டும் இல்லாமல் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் தூக்கிப்போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபிறகு சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்த அந்தச் சேகரத்தை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக்கியது. ஒரு தனி மனிதர் செய்தது அது. அது மாதிரி இன்னொருவர் வருவார் என்று காத்திருக்க முடியாது, சிதறிக் கிடப்பதைச் சிதறிக் கிடக்கிற இடத்திலேயே பதிவு செய்ய ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் பெயர். வயதான வாசகர்கள் கையெழுத்து இல்லாத படத்தைக் காட்டினாலும் கண்ணை வைத்தும் கோட்டை வைத்தும் இது மாருதி, இது லதா, இது வர்ணம் என்று சொல்லிவிடுவார்கள். இந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை, அவர்களோடு போய்விடும். ஒரு செல்போனில் பக்கத்தை நிழலான வெளிச்சத்தில் படம் எடுத்து, இதழ் பெயர், தேதி, பக்கம், வரைந்தவர், யார் அடையாளம் சொன்னார் என்று எழுதி வைத்தாலே பெரிய வேலை. தேதி தெரியவில்லை என்றால் பின்பக்கத்து விளம்பரமும் சினிமாச் செய்தியும் காட்டிக்கொடுக்கும். தெலுங்கு இதழும் தமிழ் இதழும் ஒன்றாக வைத்திருக்கிற எங்கள் மாதிரி வீடுகளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுக்கலாம், ஒன்றில் கிழிந்த படம் இன்னொன்றில் முழுசாக இருக்கும்.

நூலகங்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. ஒரு வால்யூமைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, இதில் தலைப்புப் பக்கமே இல்லை, பதிப்பாளர் பெயர் இல்லை, இது புத்தகமே இல்லை என்று ஒரு நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பதிவேட்டில் ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டு என்று கட்டம் இருக்கிறது, ஓவியர் என்று ஒரு கட்டம் இல்லை. அதை ஒன்று சேர்த்தால் நாளைக்கு ஒரு மாணவி சில்பி என்று தேடினால் கிடைக்கும். இல்லாவிட்டால் எத்தனை லட்சம் பக்கம் ஸ்கேன் செய்தாலும் ஓவியர் அதற்குள்ளே காணாமல்தான் இருப்பார்.

காப்புரிமையைச் சொல்லிச் சிலர் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம், ஆனால் மதிக்க வேண்டும். நம் சட்டப்படி ஓவியர் மறைந்து அறுபது வருஷம் வரை உரிமை உண்டு, 1968-ல் மறைந்த மணியத்துக்கு 2028 முடியும்வரை. எழுத்து நாட்டுடைமை ஆனதால் படமும் பொதுவாகிவிடாது. அச்சடித்து விற்கிறவர்கள் குடும்பத்தையோ உரிமை வைத்திருக்கிற பத்திரிகையையோ கேட்டு, பணம் கொடுத்துத்தான் போட வேண்டும். அதே சமயம் 2012-ல் வந்த திருத்தத்தின்படி, லாபநோக்கம் இல்லாத பொது நூலகம் தன்னிடம் இருக்கிற அச்சுப் பிரதியைப் பாதுகாப்புக்காக டிஜிட்டலாக்கி வைத்துக்கொள்ளலாம். ஆக ஸ்கேன் செய்து வைக்கச் சட்டம் தடையில்லை.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்திலேயே பழைய இதழ்கள் வருஷ வாரியாக இருக்கும், அதில் வரைந்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து வெளியிடுங்கள், வாரம் ஒரு பெயர் தெரியாத படத்தைப் போட்டு வாசகர்களிடம் யார் வரைந்தது என்று கேளுங்கள். கடிதம் வந்து குவியும், நானே எழுதுவேன். இரண்டாவது, எங்கள் தெருவில் சில வீடுகளில் வால்யூம்களைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள், திருத்தணிப் பக்கமோ சென்னையிலோ வாங்கிக்கொள்கிற நூலகம் இருந்தால் உங்கள் பத்திரிகை வழியாகத் தெரிவிக்கச் சொல்லுங்கள். பணம் கேட்கவில்லை. ஓரம் வெட்டக் கூடாது, பின்பக்கத்தை வேண்டாம் என்று ஒதுக்கக் கூடாது, இதற்கு மட்டும் சம்மதித்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகர்,
ஏகாம்பரகுப்பம், நகரி.