லேப்டாப்பில் ஏதாவது கொட்டிவிட்டால்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்து தன் லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள். எழுத்துச் சாவிகளின் இடுக்கெல்லாம் பழச்சாறு காய்ந்து பிசுபிசுவென்று இருந்தது. கொட்டியது முந்தின நாள் மாலை. திட்டு விழுமே என்று பயந்து, மேலாகத் துடைத்து மூடி வைத்திருக்கிறாள். ராத்திரி மனசு கேட்காமல் மூன்று முறை ஆன் செய்து பார்த்திருக்கிறாள். மூன்றாவது முறை திரை வரவே இல்லை.

அப்படி ஆன் செய்ததுதான் பெரிய சேதம். பழச்சாற்றில் உப்புகளும் அமிலமும் கலந்திருக்கின்றன. அந்த ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஷார்ட் ஆகும், உள்ளே இருக்கும் உலோகமும் வேகமாக அரித்துப்போகும். அதனால், கொட்டிய உடனே பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்துவிட வேண்டும். செய்த வேலையைச் சேமிக்கக்கூட நிற்க வேண்டாம். சார்ஜரைப் பிடுங்குமுன் சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள்; அந்த இடமே நனைந்திருந்தால் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது, பெரியவர்களைக் கூப்பிடட்டும்.

அப்புறம் மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் ஈரம் உள்ளே இறங்கும். மூடியை விரித்து, கூடாரம் போலக் கவிழ்த்து, காற்றாடும் இடத்தில் வையுங்கள். வெறும் தண்ணீர் என்றாலும் இரண்டு நாளாவது அப்படியே இருக்கட்டும். பால், காபி, பழச்சாறு என்றால் காய்ந்தாலும் கறை உள்ளேயே தங்கிவிடும். பழுது பார்ப்பவர் திறந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தாக வேண்டும். ஹேர் டிரையரின் சூடு வேண்டாம். அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம். அரிசி உள்ளிருக்கும் ஈரத்தை இழுப்பதில்லை, தூசியைத்தான் சேர்க்கும். போனுக்கும் இதே கதைதான்: ஈரம் போகும்வரை சார்ஜ் போடாதீர்கள். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி68 தரக்குறி போட்டிருக்கும் போனைக்கூட நல்ல தண்ணீரில்தான் சோதிக்கிறார்கள், பழச்சாற்றில் இல்லை.

பேட்டரி உப்பினாலோ, சூடானாலோ, வாடை வந்தாலோ அதைத் தொடாமல் விலகி நின்று, விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் நடக்க வேண்டுமானால் பிள்ளை முதலில் வாய் திறந்து சொல்ல வேண்டும். "கொட்டிட்டேன்" என்று ஓடி வந்தால், சரி, முதலில் அணைப்போம் என்று சொல்லுங்கள். நாங்களும் இங்கே திட்டப்போவதில்லை. அந்த மாணவி என் அறையில் அழுதுகொண்டு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

பள்ளி கொடுத்த லேப்டாப் என்றால் வீட்டில் கழற்றிப் பிரிக்காமல் எங்களிடம் கொண்டுவாருங்கள். என்ன கொட்டியது, எப்போது, ஏறக்குறைய எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேலே ஒட்டியிருந்தால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்